முனியாண்டி குடியை விட்ட கதை

அன்புள்ள மகனே,

றக்வானை மலை தொடங்கி பலாங்கொடை டவுன் வரைக்கும், இடையில் உள்ள சகல வளைவுகளிலும் பாலங்களிலும் தேத்தண்ணிக் கடைகளிலும் வாழும் சகலமான பேருக்கும் நான் சத்தியமிட்டு அறிவிப்பது என்னவென்றால், இந்தக் கடுதாசியில் ஒருத்தரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். உறையை நான் ஒட்டவில்லை. பசை இல்லாமல் இல்லை, வேண்டுமென்றேதான் ஒட்டவில்லை. இதைக் கொண்டுவருகிற பஸ் கண்டக்டர் முதலாம் வளைவிலேயே பிரித்துவிடுவான். அவன் வாய் சும்மா இருக்காது. பஸ் ஓப்பநாயக்கவில் நிற்கும்போது உன் வருங்கால மாமனார் காதுக்கு விஷயம் போய்விடும். நீ வேலை பார்க்கிற நானா முதலாளியின் சாப்பாட்டுக் கடைக்கு இது வந்து சேரும்போது ஊரில் இதைப் படிக்காத ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய். எல்லாரும் படிக்கட்டும். உனக்கு மட்டும் சொல்கிற விஷயமென்றால் உன் காதைத் திருகியே சொல்லியிருப்பேனே, கடுதாசி எதற்கு?

நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை மழைநாளில் என் காலில் ஏறிய அட்டை ரத்தம் குடித்துக் குடித்து நாய்க்குட்டி அளவுக்கு வந்துவிட்டது, கணக்கப்பிள்ளை அதற்குப் பெயர் வைத்துப் பால் ஊற்றினார் என்று சொன்னேன். அன்றைக்குப் போன மரியாதை இன்னும் திரும்பவில்லை. ஆனாலும் உன் அப்பன், என் அண்ணன், உனக்குப் பால்பல் விழுகிற வயதில் கண்ணை மூடிய பிறகு, சித்தப்பன் பதவியிலிருந்து அப்பன் பதவிக்குச் சம்பளம் கூடாமல் உயர்த்தப்பட்டவன் நான். அந்த அதிகாரத்தில் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் கால் வலிக்கும், அவ்வளவு கோபம் இதில் இருக்கிறது.

போன ஞாயிறு உன் மாமனார் வந்தார். அவர் மீசை முதலில் வந்தது, ஒரு நாழிகை கழித்து அவர் வந்தார். நம் லயத்துக் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, பால் போடாத சாயத் தேத்தண்ணி குடித்தபடி கல்யாண முறைகளைப் பேச ஆரம்பித்தார்.

"சம்பந்தி, பந்தல் எங்க செலவு, மேளம் எங்க செலவு. ஊத்துறது மாப்புள ஊட்டுக்காரங்க. அதானே மொற?"

"மொறதாங்க. ஆனா இந்தக் கல்யாணத்துல ஊத்துறதில்ல. வெடியும் கெடையாது."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கருமாதிக்கே ஊத்துறோமே, சம்பந்தி! கல்யாணத்துல ஊத்தலன்னா எங்க தோட்டத்து ஆளுங்க என்னா பேசுவாங்க? மாப்புளக்கி உள்ளுக்குள்ள என்னமோ சீக்குன்னுல்ல பேசுவாங்க? மாப்புள மாமன்கையால ஒரு கிளாஸ் வாங்கிக் குடிக்கிறது எங்க பழக்கமுங்க."

உன் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அவன் முனியாண்டிக்கி நேந்த புள்ளைங்க அண்ணே, தொடக்கூடாதுங்க" என்றார்கள்.

"உங்க முனியாண்டி உங்க தோட்டத்து எல்லையோட சரிம்மா. எங்க தோட்டத்துக் காளியம்மா அப்பிடி ஒண்ணும் சொல்லலியே!"

இதுகூடப் பரவாயில்லை. அந்த மனிதர் உன் கதை தெரியாமல் பேசினார். தெரிந்த நீ என்ன செய்தாய்? மறுநாள் கடையிலிருந்து போன் எடுத்து, செத்த கோழி மாதிரி குரலில், "சித்தப்பா, விடுங்க. ஒரே ஒரு கிளாஸ்தானே. பேருக்கு வாங்கிக் குடிச்சிர்றேன். வெடியும் கொஞ்சம் போட்டுக்கட்டும். கல்யாணத்துல சண்ட வேணாம்" என்றாய்.

ஒரே ஒரு கிளாஸ்! நான் போனை வைத்த வேகத்தில் இரத்தினபுரி மாவட்டம் முழுக்க லைன் அறுந்துபோனது. ஒரே ஒரு கிளாஸ் என்றால் என்னவென்று, மகனே, உனக்கு மறந்துவிட்டதா? எனக்கு மறக்கவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன். கண்டக்டரே, சம்பந்தியே, நீங்களும் கேளுங்கள்.

கொழும்பில் புடவைக் கடையில் வேலைக்கு நின்றாய். துணி மடிப்பதில் உன்னை வெல்ல ஆளில்லை. நீ மடித்த சேலையின் ஓரத்தில் தாடி வழிக்கலாம் என்று நான் இங்கே சொல்லித் திரிந்தேன். நாட்டில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். ஒருநாள் பக்கத்துத் தெருவில் குண்டு வெடித்தது. எல்லாரும் ஓடினார்கள். நீ மட்டும் ஓடவேண்டிய திசையை விட்டுவிட்டு, சத்தம் கேட்ட திசைக்கு ஓடினாய். அடிபட்டவர்களைத் தூக்கினாய், தமிழனா சிங்களவனா என்று பார்க்காமல் தூக்கினாய். கடை முதலாளி விற்கவைத்திருந்த சேலைகளைக் கிழித்துக் கட்டுப்போட்டாய். அன்று மாலை சட்டையெல்லாம் ஊரான் ரத்தத்தோடு நடந்துவந்த உன்னைச் சோதனைச் சாவடியில் மறித்து அடையாள அட்டை கேட்டார்கள். எங்கேயிருக்கிறது அட்டை? உன் பிறப்புப் பத்திரத்தில் உன் பெயரைப் பிழையாக எழுதிவைத்துவிட்டு, அதைத் திருத்த வா, போ, நாளைக்கு வா என்று வருசக்கணக்கில் அலையவைத்த நாடு இது. பிறந்ததற்கே சாட்சி கேட்கிற நாடு.

"எந்த ஊரு?" என்றார்கள்.

"றக்வானை."

"அங்க தமிழனா? பொய்!"

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நாங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அந்த மலையில் கொழுந்து எடுத்து, இந்த நாட்டு அட்டைகளையெல்லாம் சொந்த ரத்தம் கொடுத்து வளர்த்திருக்கிறோம். அட்டைகளுக்கு எங்களைத் தெரியும். அட்டை கேட்டவர்களுக்குத் தெரியவில்லை! யாரைக் காப்பாற்றத் தூக்கினாயோ அவர்களைக் கொன்றவன் நீதான் என்று சொல்லி உன்னை அடைத்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று நீ சொன்னதை நான் இங்கே எழுதமாட்டேன். உறை ஒட்டாத கடுதாசியிலும் சில விஷயம் உன்னுடையது. மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, ஒரு வார்த்தை வருத்தம் சொல்லாமல், ஒருநாள் கதவைத் திறந்து "போ" என்றார்கள்.

நீ வந்தாய். அடுத்த தப்பை நாங்கள் செய்தோம். உலகத்தில் வேறு எந்தச் சனமும் இப்படியொரு தப்பை இவ்வளவு சந்தோசமாகச் செய்யாது. தோட்டத்துப் பிள்ளை உசிரோடு வந்துவிட்டான் என்று லயத்து வீடுகள் முழுக்கக் காசு சேர்த்து வெடி வாங்கினோம். பஸ்ஸைவிட்டு நீ இறங்கியதும் கொளுத்தினோம் பார், சிவனொளிபாத மலையே அரை அங்குலம் நகர்ந்து நின்று திரும்பிப் பார்த்தது. நீ எங்கே என்று பார்த்தால், ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் குப்புற விழுந்து, தலையைக் கையால் மூடி, சிங்களத்தில் "நான் இல்லை, நான் இல்லை" என்று கத்திக்கொண்டிருந்தாய். கூட்டம் சிரித்தது. விளையாட்டுக் காட்டுகிறான் என்று நினைத்தார்கள். உன்னைத் தூக்கி நிறுத்தி, சேற்றைத் துடைத்து, யாரோ ஒருவன் சாராயத்தை உன் கையில் கொடுத்தான்: "பயந்திருக்கான் பாவம். தெளியட்டும். ஒரே ஒரு கிளாஸ்."

அன்றைய ஒரே ஒரு கிளாஸ்தான் அடுத்த நாலைந்து வருசத்துக்கும் உன் கையில் இருந்தது. தவறணைக் கடையில் சாராயம், காசில்லாதபோது காட்டுக்குள் காய்ச்சுகிற கசிப்பு. குடிக்காவிட்டால் தூக்கமில்லை, தூங்கினால் அலறல். காலையில் வேலைக்கு ஆளைக் கூப்பிடப் பெரட்டுக்கு அடிக்கிற தப்புச் சத்தத்துக்கு நீ கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தாய். ஊர் என்ன சொன்னது? சிலர் "சோம்பேறி" என்றார்கள். சிலர் "பேய்" என்றார்கள். பூசாரி வேப்பிலையால் உன் முதுகில் அடித்து, "கொழும்பில செத்த ஆவி ஒண்ணு தொத்திக்கிட்டு வந்திருக்கு" என்று கண்டுபிடித்தார். ஆவியை இறக்க முழுப் போத்தல் சாராயம் கேட்டார். ஆவி இறங்கவில்லை. போத்தல் இறங்கிவிட்டது. பூசாரி, படிக்கிறீர்களா? வணக்கம்.

அவரை மட்டும் சொல்லி என்ன? உன் சித்தப்பனின் மேலான யோசனை என்ன தெரியுமா? உன்னை ஆட்டுப்பட்டியில் போட்டுப் பூட்டிவைத்தால் குடி தானாக நின்றுவிடும் என்பது. பூட்டு வாங்கப் போகிற வழியில், நல்லவேளை, பெரியாஸ்பத்திரியில் உன் அம்மாவின் கைக்காயத்துக்கு மருந்து கட்டவேண்டியிருந்தது. அங்கே ஒரு டாக்டர் அம்மா, சிங்களவர், சின்ன வயது. காயம் எப்படி வந்தது என்று கேட்டார். நீ தூக்கத்தில் உதறியதில் விளக்கு உடைந்த கதையை உன் அம்மா சொல்ல, நான் என் பட்டித் திட்டத்தைப் பெருமையாக விளக்கினேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மாமே, பூட்டி வச்சதாலதானே அவருக்கு இப்பிடி ஆச்சு? நீங்களும் பூட்டப்போறீங்களா?"

பூட்டுக்கு வைத்திருந்த காசை அந்த இடத்திலேயே உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சாட்சி, உன் அம்மா. இவ்வளவு குடிப்பவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம், ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்துத்தான் நிறுத்தவேண்டும் என்றார் டாக்டர் அம்மா. "மேக்க பிஸ்ஸு நெமெய்" என்றார். இது பைத்தியம் இல்லை. பேயும் இல்லை. "அவர் வெளியே வந்துட்டார். ஒடம்பு இன்னும் உள்ளேயே இருக்கு. அதுக்கு விடுதலையானது தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா அதுக்குச் சொல்லிக் குடுக்கணும். சாராயம் அவரத் தூங்க வைக்கும்தான். அந்தக் கூண்டுக்குள்ளயே தூங்க வைக்கும்."

நீ வார்டில் கிடந்தாய், நடுங்கினாய், வியர்த்தாய், என்னைக் கெட்ட வார்த்தையில் ஏசினாய். அதில் சில எனக்கே புதுசு. பிறகு மாதாமாதம் கிளினிக். அந்த அம்மா கேட்கக் கேட்க நீ கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாய். பேசி முடித்து வெளியே வரும்போது மூட்டை இறக்கியவன் மாதிரி இருப்பாய். ஒரேயடியாக ஒன்றும் நடக்கவில்லை. ஏறினாய், சறுக்கினாய், ஏறினாய். ஆனால் நீ சறுக்கிய ஒவ்வொரு முறையும் எங்கே சறுக்கினாய் என்று நான் பார்த்துவந்தேன். காதுகுத்தில், சடங்கு வீட்டில், சாவு வீட்டு எட்டுச் செலவில். அங்கெல்லாம் ஒருவன் கிளாஸை நீட்டுவான். "வேணாம்" என்றால், "ஏன், எங்க ஊட்டுச் சாராயம் கசக்குதோ?" என்பான். இந்த மலையில் ஒருவன் சோற்றை மறுக்கலாம், பெண்ணை மறுக்கலாம், கடவுளைக்கூட மறுக்கலாம். நீட்டிய கிளாஸை மறுக்க முடியாது. ஒரே ஒரு ஆளுக்குத்தான் விலக்கு: சாமிக்கு நேர்ந்துகொண்டவன். அவனை எவனும் வற்புறுத்தமாட்டான்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது.

முனியாண்டி திருவிழா. எல்லை மரத்தடியில் படையல்: சேவல், சுருட்டு, நடுவே பெரிய சாராயப் போத்தல். தப்பு அடி உச்சத்துக்குப் போனதும் நான் ஒரு குதி குதித்தேன். தரையிலிருந்து எட்டடி உயரம் போனேன். கீழே வரும்போது நான் முனியாண்டி.

"வந்திருக்கிறது யாரு?" என்றார் பூசாரி.

"முனியாண்டிடா!"

"என்னா சாமி வேணும்? சாராயம் கொண்டாரவா?"

"வேணாண்டா! இன்னையிலேருந்து நான் தொடமாட்டேன்!"

தப்பு நின்றது. பூசாரி பக்கத்தில் வந்து என் காதுக்குள், "டேய், என்னா கூத்து இது? போத்தல்ல கைய வைக்காத" என்றார்.

"எவண்டா காதுக்குள்ள பேசுறது? சத்தமாப் பேசு!"

அவர் வேறு வழியில்லாமல் கும்பிட்டார். "சாமி... காலங்காலமாக் குடிச்சிட்டுத்தானே இருக்கீங்க?"

"குடிச்சுக் குடிச்சு எல்லையக் காக்க மறந்துட்டேண்டா! எம்புள்ளயக் கொண்டுபோய் அடைச்சப்ப நான் மப்புல படுத்துக் கெடந்தேண்டா!"

பெண்கள் குலவை போடுவதை நிறுத்திவிட்டார்கள். உன் அம்மா மட்டும் விம்மினார்கள். நான் உன்னைப் பிடித்து இழுத்து நெற்றியில் விபூதியை அப்பி, "இவன் எனக்கு நேந்த புள்ள! இவங் கையில எவன் கிளாஸக் குடுக்குறானோ அவன் ஊட்டுக் கோழி முட்ட போடாது!" என்று சாபம் கொடுத்தேன். சாபம் பலித்தது. அடுத்த மாதமே ஒருவன் உனக்கு ஊற்ற வந்தான். அவன் வீட்டுக் கோழி அன்றோடு முட்டையிடவில்லை. அது சேவல் என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு முனியாண்டிக்குச் சிவப்பு சோடாதான் படையல். பூசாரி ஒரு வருசம் என்னோடு பேசவில்லை. எந்த விசேசத்திலும் எவனாவது மறந்துபோய் உன்னிடம் நீட்டினால் நான் பாய்ந்து பிடுங்கி, "எம்மவன் சாமிக்கி நேந்தவன்! அவன் பங்கு எனக்கு!" என்று சொல்லி, லயத்துக்குப் பின்பக்கம் எடுத்துப்போவேன். அதனால் இரட்டைப் பங்கு குடிகாரன் என்று எனக்குப் பட்டமே கிடைத்தது. இடுப்பில் எப்போதும் கால் போத்தல் வேறு. நீயே ஒருநாள் முகத்தைச் சுளித்து, "சாமியே விட்டுட்டாரு. நீங்க விடலியே சித்தப்பா" என்றாய். நான் ஏப்பம் விட்டேன். அதுதான் என் பதில்.

இதெல்லாம் சும்மா பழங்கதை இல்லை. இந்த வைகாசியை நினைத்துப் பார். சண்டை முடிந்ததென்று ரோட்டெல்லாம் வெடி. டவுனில் வெடி, சந்தியில் வெடி, பக்கத்துக் கிராமத்தில் வெடி. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். உன் முகம் சாம்பலாகிவிட்டது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, இன்றைக்கு இவன் தவறணைக்கு ஓடுவான் என்று. நீ ஓடவில்லை. டாக்டர் அம்மா சொல்லிக்கொடுத்தபடி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கண்ணில் பட்டதையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாய். "கேத்தல். அடுப்பு. சாமிப் படம். கொழுந்துக் கூடை." வெளியே வெடித்தது. "அம்மாட கொங்காணித் துணி. கேத்தல்." "கேத்தலச் சொல்லிட்டப்பா" என்றார்கள் உன் அம்மா. பிறகு அவர்களும் சேர்ந்து சொன்னார்கள். கடைசியில் என்னைக் காட்டி, "இது?" என்றார்கள். "கெழட்டுக் கொரங்கு" என்றாய். மூன்று பேரும் சிரித்தோம். வெடி இன்னும் வெடித்துக்கொண்டுதான் இருந்தது.

நாடே வெடி கொளுத்தியபோது குடிக்காதவன், ஒரு மீசைக்குப் பயந்து குடிக்கப்போகிறாயா? உன்னை அடைத்தவன் மன்னிப்புக் கேட்கவில்லை. உனக்கு ஊற்றியவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ எதற்கு எல்லாருக்கும் மரியாதை செய்ய உன் உசிரை ஒரு கிளாஸில் ஊற்றிக் கொடுக்கிறாய்? நீ கட்டப்போகிற பெண்ணிடம் உன் கதை முழுக்கச் சொல்லிவிட்டாய், அவள் எல்லாம் தெரிந்துதான் சம்மதித்தாள் என்று உன் அம்மா சொன்னார்கள். அவளுக்கு உன்னிடம் வெட்கமில்லை என்றால், அவள் அப்பனிடம் உனக்கு என்ன வெட்கம்? சொல். "மாமா, எனக்கு ஒடம்புக்கு முடியாம இருந்துச்சு. குடிச்சா திரும்ப வரும். வெடிச் சத்தம் எனக்கு ஆகாது." இவ்வளவுதான். இதற்கு முனியாண்டி வேண்டாம். முனியாண்டியின் எல்லை நம் தோட்டத்தோடு முடிகிறது, மனுசர் சொன்னது சரிதான். எல்லைக்கு அந்தப் பக்கம் உன் வாயால் நீதான் சொல்லவேண்டும். அதனால்தான் இந்தக் கடுதாசியை ஒட்டாமல் அனுப்பினேன். பாதியை நான் சொல்லிவிட்டேன், மீதியைச் சொல்ல உனக்கு இனி வெட்கப்பட ஒன்றும் மிச்சமில்லை. சம்பந்தி, இதுவரைக்கும் படித்திருந்தால், நீங்கள் அவனுக்குச் செய்கிற முதல் சீர் அவன் கையில் ஒன்றும் கொடுக்காமல் இருப்பதுதான்.

சரி, ஒருத்தரும் நம்பாத கதைக்கு வருகிறேன். இதில் எவ்வளவு பொய் என்று கணக்குப் பார்ப்பாய். மலை நகரவில்லை. நான் எட்டடி குதிக்கவில்லை. எனக்குச் சாமி வரவில்லை, என்றைக்கும் வந்ததில்லை. முனியாண்டியிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு மரத்தடியில் சொன்னதில் ஒரு சின்னத் துண்டு மட்டும் நிசம். "இன்னையிலேருந்து நான் தொடமாட்டேன்." அது முனியாண்டி சொன்னதில்லை. நான் சொன்னது.

உன் பங்கெல்லாம் லயத்துக்குப் பின்னால் நிற்கிற வாழைக்குப் போனது. நான் குடியை விட்டது தெரிந்தால் உன் கிளாஸை என்னிடம் எவன் கொடுப்பான்? குடிகாரனை நம்பித்தான் கொடுப்பார்கள். இடுப்பில் இருக்கிற கால் போத்தலில் இருப்பது வெறும் சாயத் தேத்தண்ணி. நம்பாதவர்கள் வந்து முகர்ந்து பார்க்கலாம். கல்யாணத்தன்று என் பக்கத்தில் உட்கார். உனக்கும் சேர்த்துக் கொஞ்சம் சீனி கூடப் போட்டுக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கெழட்டுக் கொரங்கு